மறுபக்கம் சுற்றிய ரோலர்

எலுமிச்சம்பழம் உள்ளே போகவில்லை. பெல்ட்டின் மேல் ஒரு துள்ளுத் துள்ளி வெளியே பாய்ந்தது. ஃபெக்டரியைப் பார்த்துக்கொள்கிற டீ மேக்கர் பண்டார மாத்தயாவின் வெள்ளைக் காற்சட்டையில் பட்டு, முழங்காலுக்கு மேலே குங்குமக் கறையை அப்பிவிட்டு, சிமெந்துத் தரையில் உருண்டு போய்ச் சுவரோரம் நின்றது.

ரோலர் அறையில் பதினைந்து பேராவது இருந்திருப்போம். பூசைத் தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

ரோலர்காரர் முத்துவேலு மாமாதான் முதலில் கத்தினார். “நிப்பாட்டு! நிப்பாட்டு புள்ள!”

நான் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். மோட்டார் முனகி அடங்கியது. கையை ஜெர்சிப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

தேயிலை ஃபெக்டரிக்குள் போயிராதவர்களுக்காக ஒரு வார்த்தை. வாடிய கொழுந்தைக் கசக்கி முறுக்குகிற இயந்திரத்துக்குத்தான் ரோலர் என்று பெயர். கீழே ஒரு பெரிய வட்ட மேசை, அதன் மேல் கொழுந்தைத் தாங்கிக்கொண்டு சுற்றுகிற ஒரு பெரிய பாத்திரம். மோட்டாரிலிருந்து வருகிற பெல்ட் ஒரு பெரிய சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் ரோலரைச் சுற்றும். எங்கள் ரோலர் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே ஒரே பக்கமாகச் சுற்றிப் பழகியது. அன்று காலை அது மறுபக்கம் சுற்றியது.

“மெசினு பழத்தத் துப்பிருச்சு” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “பொம்பள கைய வெச்சா வேற என்னா செய்யும்?”

சொன்னது யாரென்று எனக்குத் தெரியும். பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தத் தொடரை அவர் வாரம் தவறாமல் வாசிக்கிறார் என்பதும் தெரியும். அதனால் பெயரை விட்டுவிடுகிறேன்.

இன்னக்கி மட்டும்

இது நாலைந்து வருடத்துக்கு முந்திய கதை. இலங்கை மலையகத்தில், டயகம பக்கத்தில் எங்கள் தோட்டம். நான் ஹட்டனில் மின்சார வேலை படித்துவிட்டு வந்திருந்தேன். வகுப்பில் அத்தனை ஆம்பளைப் பையன்களுக்கு நடுவே நான் ஒருத்திதான் பெண். முதல் நாள் வாத்தியார் என்னைப் பார்த்து, தையல் வகுப்பு அடுத்த கட்டிடம் என்றார். நல்ல மனிதர், தெரியாமல் சொன்னார். நான் அவரை மன்னிக்க ஆறு மாதம் ஆனது.

ஃபெக்டரியின் பழைய எலக்ட்ரீசியன் ஓய்வுபெற்று மகனோடு கொழும்புக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு நான் விண்ணப்பம் கொடுத்தேன். தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரை சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மூன்று மாதம் செய்து காட்டச் சொன்னார். சரியாகச் செய்தால் ஃபெக்டரியில் பெயர் பதிவார்கள். இல்லையென்றால் கொழுந்து மலைக்குப் போக வேண்டியதுதான்.

கொழுந்துக்குப் போவதில் எனக்குக் கேவலம் எதுவுமில்லை. என் அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்துத்தான் எங்களை ஆளாக்கினார். ஆனால் நான் படித்த படிப்பு இருக்கிறதே. கம்பியைத் தொட்டாலே எனக்கு ஒரு சந்தோஷம் வரும். தொடக் கூடாத கம்பியைச் சொல்லவில்லை.

அந்த மூன்று மாதமும் விடியற்காலையில் பெரட்டுக்குப் போய் நின்றேன். பெயர் கூப்பிட்டு அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கிற இடம் அது. கணக்கப்பிள்ளை என் பெயர் வந்ததும் ஒரு கனைப்புக் கனைப்பார். “செல்வமேரி. ஃபெக்டரி. இன்னக்கி மட்டும்.” எண்பது நாள் கூப்பிட்டிருந்தால் எண்பது நாளும் அந்த ‘இன்னக்கி மட்டும்’ இருந்தது. பனியில் நின்று அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்றாவது மாதத்தில் பெருமழை வந்தது. ஃபெக்டரிக்குக் கரண்ட் கொண்டுவருகிற கேபிளைக் கம்பத்தோடு சேர்த்து மண்சரிவு இழுத்துப் போனது. ரோலர் அறைக்குள் தண்ணீர் ஏறி, பெரிய ரோலரின் மோட்டார் முழுகிப்போனது. ஃபெக்டரி மூன்று வாரம் மூடிக்கிடந்தது. வெளியிலிருந்து ஒப்பந்த வேலைக்குக் கொந்தராத்துக்காரர்கள் வந்து புதுக் கேபிள் போட்டார்கள். மோட்டார் என் தலையில் விழுந்தது.

“மேரி, இது ஓடினா ஒன் பேர நானே எழுதிக் குடுக்கிறது” என்றார் பண்டார மாத்தயா. சிங்களவர்தான், ஆனாலும் எங்களோடு எங்கள் தமிழில்தான் பேசுவார். “ஓடாட்டி நான் ஒண்ணும் பேச ஏலாது.”

மோட்டாரை அக்கக்காகக் கழற்றினேன். உள்ளே நூறு வாட் பல்பை எரியவிட்டு நாலு நாள் காயவைத்தேன். பேரிங் மாற்றினேன். துரு தேய்த்தேன். திரும்பப் பூட்டி வயர்களை முடுக்கினேன். அந்த மோட்டார்தான் பழத்தைத் துப்பியது.

மூன்று கம்பி எதற்கு?

ராகலையிலிருந்து ஒரு தம்பி கடிதம் எழுதியிருக்கிறார். “அக்கா, எங்க லயத்து வீட்டுக்கு வர்ற கரண்டுக்கு ரெண்டு கம்பிதான். ஃபெக்டரிக்கு மட்டும் ஏன் அத்தன கம்பி? அவங்களுக்கு மட்டும் நல்ல கரண்டா?” என்று கேட்கிறார். கேள்வியில் கொஞ்சம் அரசியல் இருக்கிறது. இருக்கட்டும், பதில் சொல்கிறேன். இந்தக் கதைக்கும் அது வேண்டும்.

டோர்ச் பற்றரியிலிருந்து வருகிற கரண்ட் ஒரே பக்கமாகப் போகும். கம்பியில் வருவது அப்படியில்லை. முன்னால் போகும், பின்னால் வரும், மறுபடி முன்னால் போகும். ஒரு நொடிக்குள் இப்படி ஐம்பது தடவை. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் நடுவில் ஒரு கணம் ஒன்றுமே இருக்காது. அடுத்த தடவை அவ்வளவு சீக்கிரம் வந்துவிடுவதால் பல்பு அணைந்ததாக நமக்குத் தெரிவதில்லை.

என் அப்பா அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். அந்தக் காலத்தில் ஆற்றங்கரையில் தோட்டத்துக்கென்றே ஒரு டேர்பைன் இருந்தது. தண்ணீர் விழுந்து சுற்ற, ஃபெக்டரிக்கும் தொரை பங்களாவுக்கும் மட்டும் கரண்ட். தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குக் குப்பி லாம்புதான். அப்பா அங்கே காவல்காரர். தண்ணீர் வருகிற வாயில் சருகு அடைத்தால் டேர்பைன் மெதுவாகும், காவல் அறைப் பல்பு பட்டுப் பட்டென்று துடிக்கும். “கரண்டு மூச்சு வுடுறது தெரியும்” என்பார். சருகை எடுத்துவிட்டால் துடிப்பு நின்றுவிடும். துடிப்பு நிற்கவில்லை, கண்ணுக்குத் தெரியாத வேகத்துக்குப் போய்விட்டது என்று பின்னாளில் நான் சொன்னபோது நம்பவே இல்லை. கடைசிவரை நம்பவில்லை.

இப்படிப் போய்ப் போய்த் திரும்புகிற ஒரே கரண்டை மட்டும் மோட்டாருக்குக் கொடுத்தால், அதற்கு எந்தப் பக்கம் சுற்றுவதென்று தெரியாது. முனகிக்கொண்டு நிற்கும். வீட்டு ஃபேனிலும் தண்ணீர் பம்பிலும் கப்பாசிட்டர் என்று ஒன்றை வைத்திருப்பது அதற்காகத்தான். உள்ளே இருக்கிற இரண்டாவது சுருளுக்குப் போகிற கரண்டை அது கொஞ்சம் முந்திப் போக வைக்கும். அந்த முந்தலில் ஒரு தள்ளு கிடைத்து, மோட்டார் ஒரு பக்கமாகக் கிளம்பும். சுவிட்ச் போட்டும் உங்கள் ஃபேன் முனகிக்கொண்டே நின்றால் கப்பாசிட்டர் போயிருக்கும், புதிதாக ஒன்று வாங்குங்கள். எங்கள் குளிரில் ஃபேன் யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். ஹட்டனில் படித்த பாடத்தை எங்காவது சொல்ல வேண்டுமே.

ஃபெக்டரி மோட்டாருக்கு இந்தத் தள்ளு வேண்டாம். மூன்று கம்பியில் மூன்று கரண்ட் வரும். ஒன்று உச்சத்துக்குப் போய் இறங்கும்போது அடுத்தது ஏறும், அது இறங்கும்போது மூன்றாவது ஏறும். தீபாவளிக்கு மாவு இடிக்கையில் ஒரே உரலைச் சுற்றி மூன்று பெண்கள் நின்று முறை வைத்துக் குத்துவார்களே, அதே முறைதான். முதலாமவள், இரண்டாமவள், மூன்றாமவள் என்று உலக்கை விழும்போது, மேலேயிருந்து பார்த்தால் குத்து வலப்பக்கமாக வட்டம் சுற்றும். இரண்டு பேர் மட்டும் முறையை மாற்றிக்கொண்டால் வட்டம் இடப்பக்கம் திரும்பிவிடும். மாவு என்னவோ ஒரே மாவுதான், மோட்டாருக்கு அப்படியில்லை. இரண்டு கம்பி இடம் மாறினால் அது மறுபக்கம் சுற்றும்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. சாதாரண மீட்டரை வைத்துப் பார்த்தால் எந்த இரண்டு கம்பிக்கு நடுவிலும் நானூறு வோல்ட் என்றுதான் காட்டும். எவ்வளவு என்று சொல்லும், யார் முந்தி என்று சொல்லாது. அன்று காலை நான் மீட்டர் வைத்துப் பார்த்தேன். நானூறு, நானூறு, நானூறு. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். என்ன புத்திசாலித்தனம்!

முதல் சுற்று யாருடையது?

வாத்தியார் ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். பழுது பார்த்த மோட்டாரை இயந்திரத்தோடு பூட்டுவதற்கு முன்னால், பெல்ட் இல்லாமல் ஒரு தட்டுத் தட்டி, எந்தப் பக்கம் சுற்றுகிறதென்று பார்க்க வேண்டும். அரை நொடி வேலை.

எங்கள் ஃபெக்டரியில் அது முடியாது. நின்றுபோன மெசின் திரும்ப ஓடுகிறபோது அதன் முதல் சுற்று எலுமிச்சம்பழத்தின் மேல்தான் சுற்ற வேண்டும். பெல்ட் சக்கரத்தில் ஏறுகிற இடத்தில் குங்குமம் வைத்த பழத்தை வைப்பார்கள். பொத்தானை அமுக்கியதும் பழம் உள்ளே இழுபட்டு நசுங்கும். மெசின் கேட்கிற பலியைப் பழம் கொடுத்துவிடும், மனிதர் கையைக் கேட்காது. அதற்கு முன்னால் கால் சுற்று சுற்றினாலும் பூசை செல்லாது. பெரிய ரோலர் ஓடும்வரை வேறு எந்த மெசினும் ஓடக் கூடாது.

இந்த முறையைக் காப்பாற்றுகிறவர் ரோலர்காரர் முத்துவேலு மாமா. அவருடைய இடது கையில் இரண்டு விரல் இல்லை. யாரோ ஒரு அவசரக்காரன் பழம் வைக்காமல் மெசினைப் போட்ட நாளில் போனவை என்று சொல்வார்.

நான் வேதக்காரி. அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறவள். ஆனாலும் அந்த விரல்களைப் பார்த்த பிறகு எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. முதல் நாளே, “மாமா, ஒரு தட்டுத் தட்டிப் பாத்துக்கிறேனே” என்று மெல்லக் கேட்டேன்.

“வேணாம்மா. மொதச் சுத்து பழத்துக்கு. ஒனக்கு வேணும்னா ரெண்டாஞ் சுத்துல பாத்துக்க.”

சரியென்றுவிட்டேன். புதிதாக வந்தவள் திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்க வேண்டாமே என்ற பயம். வாத்தியார் சொன்னதை விட்டேன், அதுதான் நான் செய்த பிழை. இதை எழுதும்போதும் எனக்கு என் மேல் கோபம் வருகிறது.

நகப்பூச்சு

இப்போது ரோலர் அறைக்குத் திரும்புவோம்.

மாத்தயா காற்சட்டைக் கறையைக் கைக்குட்டையால் தேய்த்துக்கொண்டே என்னிடம் வந்தார். தேய்க்கத் தேய்க்க அது பெரிதானது.

“மேரி, நீ வயர மாத்திப் போட்டதா?”

“இல்லைங்க மாத்தயா.” சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே நிச்சயமில்லை. மாற்றியிருப்பேனோ? நாலு நாள் அந்த மோட்டாரோடு மல்லுக்கட்டியவள். எந்த நேரத்தில் கண் அசந்ததோ?

மெயினை நிறுத்திப் பூட்டி, சாவியை என் பைக்குள் போட்டுக்கொண்டு, மோட்டாரின் வயர்ப் பெட்டியைத் திறந்தேன். கழற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு வயரிலும் அது பூட்டியிருந்த ஆணிக்குப் பக்கத்திலும் என் சிவப்பு நகப்பூச்சால் அடையாளம் வைத்திருந்தேன். முதல் வயருக்கு ஒரு புள்ளி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று. நகத்துக்குப் போட நேரமில்லாத நகப்பூச்சு அதற்காவது உதவியது.

ஒரு புள்ளிக்கு எதிரே ஒரு புள்ளி இருந்தது. இரண்டுக்கு இரண்டு. மூன்றுக்கு மூன்று. எதுவும் மாறவில்லை.

“நான் எப்பிடிக் கழட்டினேனோ அப்பிடியேதாங்க பூட்டியிருக்கேன்” என்றேன்.

“அடையாளத்தையே பெசகா வெச்சிருந்தா?” என்று பெயர் சொல்லாத அந்தக் குரல் கேட்டது.

மாத்தயா கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றுதான் மலையில் கொழுந்து பறிக்கத் தொடங்கியிருந்தார்கள். மத்தியானம் முதல் லொறி வந்துவிடும். வந்தால் கொழுந்தை மேல்மாடியில் பரப்பி ஃபேன் போட வேண்டும்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “இங்க பாரு. ரெண்டு வயர மாத்திப் போட்டா சரியான பக்கம் சுத்தும், இல்லையா? சரி, மாத்திப் போடு. முத்துவேலு வேற பழம் வெப்பான். நான் ஒண்ணும் பெருசாச் சொல்லமாட்டேன்.”

உண்மையைச் சொல்கிறேன், ஆசையாக இருந்தது. இரண்டு நிமிட வேலை. ரோலர் ஒழுங்காகச் சுற்றும், எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். “புள்ள கொஞ்சம் தடுமாறிருச்சு, ஆனா சரி பண்ணிருச்சு” என்று பேச்சு முடிந்துவிடும். வேலைகூடக் கிடைத்திருக்கலாம்.

ஆனால் பிழை மோட்டாரில் இல்லையென்றால் அது கேபிளில் இருக்கிறது. அந்தக் கேபிள்தான் மற்ற எல்லா மோட்டாருக்கும் கரண்ட் கொடுக்கிறது. மேல்மாடி ஃபேன்கள் மறுபக்கம் சுற்றும். தேயிலை காயவைக்கிற அடுப்புக்குக் காற்று இழுக்கிற ஃபேன் பாதி இழுப்புக்குக்கூட வராது, புகை விறகு போடுகிறவர் முகத்தில் அடிக்கும். ஒரு மோட்டாரை மட்டும் திருத்திவிட்டு நான் வாய்மூடி இருந்தால், அன்று சாயங்காலத்துக்குள் ஃபெக்டரி முழுவதும் என் தலையில் விழும்.

“மாத்தயா, இந்த மோட்டார்ல பெசகு இல்லைங்க. வெளிய இருந்து வர்ற கரண்டோட முறையே மாறியிருக்கு. நான் தொடாத ஒரு மோட்டாரப் போட்டுப் பாப்போம். அதுவும் மறுபக்கம் சுத்தினா நான் சொல்றது சரி. நேரா சுத்தினா பெசகு என்னோடது. நாளைக்கே கொழுந்துக்குப் போயிர்றேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் கடைசி வாக்கியம் என் காதில் விழுந்தது. யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. நானாகப் போய் மாட்டிக்கொண்டேன்.

துப்பட்டா

முத்துவேலு மாமா வழியை மறித்து நின்றார்.

“பழம் விழுந்த எடத்துல இன்னொரு மெசினப் போடுறதா? நடக்காது மாத்தயா. மொதல்ல இதுக்கு ஒரு பரிகாரம்…”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது, அதை விழுங்கிக்கொண்டேன். “மாமா, பழத்துமேல தப்பு இல்ல. மெசினு மேலயும் தப்பு இல்ல. பழம் நல்லதுதான் செஞ்சிருக்கு. பழம் மட்டும் இல்லாட்டி மெசினு மறுபக்கம் சுத்துறது நம்மளுக்குத் தெரியுமா? கொழுந்தப் போட்டப்புறம்தானே தெரிஞ்சிருக்கும்?”

அவர் என்னைப் பார்த்தார். சுவரோரம் கிடந்த பழத்தைப் பார்த்தார். இல்லாத விரல்கள் இருந்த இடத்தை மற்ற கையால் தேய்த்துக்கொண்டு யோசித்தார்.

“சரி, மேல போ” என்றார். “நானும் வர்றேன்.” மாத்தயாவும் பின்னால் ஏறி வந்தார்.

மேல்மாடியில் நீளநீளமான தொட்டிகள் இருக்கும். தொட்டியின் நடுவில் வலை விரித்து அதன் மேல் கொழுந்தைப் பரப்புவார்கள். ஒரு முனையில் இருக்கிற ஃபேன் வலைக்குக் கீழே காற்றைத் தள்ள, காற்று கொழுந்துக்குள் புகுந்து மேலே வரும். மழைத் தண்ணீர் அந்த மாடிக்கு ஏறவில்லை, அங்கே எந்த மோட்டாரையும் நான் தொடவுமில்லை.

என் துப்பட்டாவை எடுத்து முதல் தொட்டியின் வெறும் வலை மேல் விரித்தேன்.

“இந்த ஃபேன போட்டா துணி என்னா ஆகும் மாமா?”

“மேல தூக்கும். பறக்கும். எத்தன தடவ தொப்பியத் தூக்கியிருக்கு.”

கீழே போய் மெயினைப் போட்டுவிட்டு வந்தேன். ஃபேனுக்கான பொத்தான் சுவரில் இருந்தது. அந்தோனியாரே என்று நினைத்து அமுக்கினேன். ஃபேன் உறுமத் தொடங்கியது.

துப்பட்டா பறக்கவில்லை. லேசாக நெளிந்தது, பிறகு வலையோடு ஒட்டிக்கொண்டது. வலையின் கட்டம் கட்டமான தடம் துணியில் தெரிகிற அளவுக்குக் கீழே இழுபட்டது.

முத்துவேலு மாமா ஒரு ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். விட்டதும் அது சப்பென்று திரும்ப ஒட்டியது. இன்னொரு தடவை தூக்கினார். அதே கதைதான்.

“இதுவும் மறுபக்கம் சுத்துது மாத்தயா” என்றார்.

தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை பெரிய நிம்மதி மனுஷியை நிற்கவே விடாது என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

கறுப்பும் சாம்பலும்

கொந்தராத்துக்காரர்கள் நல்லவேளையாக இன்னும் போகவில்லை. கீழ்ப் பாதையில் மிச்சக் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய தலைவரை எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார்.

“பழைய கேபிள்ல செவப்பு, மஞ்சள், நீலம். புதுசுல பழுப்பு, கறுப்பு, சாம்பல். ஒவ்வொண்ணாப் பாத்து ஒரு கணக்குலதான் முடுக்கினோம். மூணும் கரண்டுதானேம்மா, எது எங்க இருந்தா என்னா?”

“எது எங்க இருந்தா என்னாவா?” என்றேன். அதற்கு மேல் நான் அவரிடம் பேசியதையெல்லாம் பத்திரிகையில் போட ஆசிரியர் சம்மதிக்க மாட்டார். என்ன சொன்னேன் என்பதைவிட எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்பதுதான் தோட்டத்தில் இன்றைக்கும் பேச்சு.

மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. ட்ரான்ஸ்ஃபோமர் பக்கம் கரண்டை நிறுத்திப் பூட்டிவிட்டு வந்தார். கம்பியில் கரண்ட் இல்லையென்று நானும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். கறுப்பையும் சாம்பலையும் கழற்றி இடம் மாற்றி முடுக்கினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரே ஒரு இடத்தில் மாற்றியதும் ஃபெக்டரியின் எல்லா மோட்டாரும் ஒன்றாகத் திருந்தின.

ரோலர் அறைக்குத் திரும்பினோம். முத்துவேலு மாமா புதுப் பழம் ஒன்றை எடுத்துக் குங்குமம் வைத்தார். பெல்ட் பக்கம் போனார். போனவர் பழத்தை வைக்கவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பி, “பெல்ட்டக் கழட்டு புள்ள” என்றார்.

“எதுக்கு மாமா?”

“நீ மொதல்ல ஒரு தட்டுத் தட்டிப் பாரு. சரியான பக்கம் சுத்துதான்னு ஒங் கண்ணால பாத்துச் சொல்லு. அப்பறமா நான் பழத்த வெச்சுக்கிறேன்.”

பெல்ட்டைக் கழற்றி, ஒரு தட்டுத் தட்டினேன். மோட்டாரின் தண்டு அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. சரியான பக்கம்தான். “வைங்க மாமா” என்றேன். பெல்ட்டைப் பூட்டினோம், அவர் பழத்தை வைத்தார், நான் பச்சைப் பொத்தானை அமுக்கினேன். பழம் உள்ளே போய்ப் படாரென்று நசுங்கியது. சாறு என் கன்னத்தில் தெறித்தது. கண்ணில் எரிச்சல், கண்ணீர் வேறு. எல்லாவற்றையும் சாறுதான் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

மாத்தயாவிடம் தனியாகப் போய், தட்டிப் பார்க்காமல் விட்டது என் பிழை என்று சொன்னேன். சொல்லாமலிருக்க முடியவில்லை.

“தெரியும்” என்றார். “அதையும் எழுதுறது. இன்னக்கிக் கண்டுபிடிச்சதையும் எழுதுறது. நாளையிலேருந்து பெரட்டுக்குப் போக வேணாம். நேரா இங்க வா.”

அவருக்கு நான் நன்றி சொன்னேனா என்று எனக்கு நினைவில்லை. விறகு அடுக்கியிருந்த கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று சத்தம் வராமல் அழுதது மட்டும் நினைவிருக்கிறது.

மத்தியானம் மழைத்தூறலோடு லொறி வந்தது. நான் மேல்மாடியில் ஃபேன்களைப் போட்டுக் கொடுத்துவிட்டு மலைப் பக்கம் ஓடினேன். கொழுந்து நிறுக்கிற இடத்தில் அம்மா வரிசையில் நின்றிருந்தார். நெற்றியில் கூடைக் கயிற்றுத் தடம், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கெல்லாம் ஈரம். மெசின் பழத்தைத் துப்பிய சேதி எனக்கு முன்னமே மலைக்கு ஏறியிருந்தது. கரண்ட்டைவிட வேகமாக எங்கள் தோட்டத்தில் போகிறது அது ஒன்றுதான். ஆனால் அதற்குப் பிறகு நடந்தது ஒன்றும் அங்கே வந்து சேரவில்லை.

பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. கொழுந்தைக் கிளறிக்கொண்டே, தானாகப் பேசுகிறவர் மாதிரிக் கேட்டார்.

“நாளைக்கு ஒரு கூடையா, ரெண்டு கூடையா மேரி? ஒனக்கும் ஒண்ணு எடுத்து வெக்கணும்னா இப்பவே சொல்லு. நல்லதப் பாத்து எடுத்து வெக்கிறேன்.”

“ஒங்களுக்கு மட்டும் ஒண்ணு போதும்மா” என்றேன்.

அம்மா தலையாட்டினார். பிறகு முன்னால் நின்றவளைப் பிடித்துக்கொண்டு, வரிசையிலேயே, ஈரத்திலேயே, கீழே உட்கார்ந்துவிட்டார்.